வருணுக்கு ஒரு நேர்த்திக்கடன்

முத்தாரம்மனிடம் நான் இதுவரை வாய்விட்டுக் கேட்ட வரங்கள் மூன்று. முதலாவது, மனைவிக்குச் சுகப்பிரசவம். ஆனது. இரண்டாவது, உடன்குடி கருப்பட்டி மண்டியில் கணக்கெழுதும் எனக்கு மாதம் ஆயிரம் ரூபாயாவது கூட்டித் தர முதலாளிக்கு மனசு வர வேண்டும் என்பது. ஐநூறு ரூபாய்க்கு மனசு வந்தது. மூன்றாவது, வருண் சக்கரவர்த்திக்கு இரண்டு விக்கெட்.

மூன்றாவதைச் சந்நிதியில் நின்று கேட்க வாய்க்கவில்லை. அன்றைக்கு 2021 அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை, விஜயதசமி. வேறு வருஷமென்றால் தசராவின் இந்தக் கடைசி நாளில் எங்கள் ஊர் குலசையில், அதாவது குலசேகரன்பட்டினத்தில், கால் வைக்க இடம் இருக்காது. காளி, குறத்தி, கரடி, எமன், பிச்சைக்காரர், போலீஸ்காரர் என்று லட்சக்கணக்கில் வேஷம் கட்டின சனம் கடற்கரை மணலில் முண்டியடிக்கும். அதில் எந்தப் போலீஸ் நிஜப் போலீஸ் என்று தெரியாமல், ஒருதடவை நான் பைக்கை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டதற்கு, அவர் தட்டை நீட்டினார். அந்த வருஷம் கொரோனா. பக்தர்கள் இல்லாமல் கோயில் வளாகத்துக்குள்ளேயே சூரசம்ஹாரம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே, செல்போனில் நாலு கோடு சிக்னல் விழுகிற ஒரே மூலையில் நின்று, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கேட்டேன். துபாயில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஐபிஎல் இறுதி ஆட்டம் தொடங்க ஆறு நிமிஷம் இருந்தது. என் கையில் பதினொரு பேர் கொண்ட ஒரு அணி இருந்தது. அதற்குக் கேப்டன் தோனி இல்லை, மோர்கனும் இல்லை. கொல்கத்தாவின் சுழற்பந்தாளர் வருண்.

இந்தக் கோட்டி எனக்குப் பிடித்தது 2020இல். ஊரடங்கில் மண்டி படுத்துவிட்டது. கருப்பட்டி போகவில்லை, கணக்கெழுத ஒன்றுமில்லை. கணக்குப்பிள்ளை சும்மா இருந்தால் ஆபத்து என்பது ஆட்டோ ஓட்டுகிற என் மச்சினனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்த வருஷ ஐபிஎல் போட்டியே டிரீம்11 பேரில்தான் நடந்தது. 222 கோடி ரூபாய் கொடுத்துப் பேரை வாங்கியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து, என் போனைப் பிடுங்கி, எதையோ இறக்கினான்.

“அத்தான், நீங்க கணக்குல புலி. இதுல இறங்குனியன்னா ஒரே வருசத்துல மண்டியவே வெலைக்கு வாங்கிரலாம்.”

அவன் இறக்கியது எந்தச் செயலி என்று சொல்லமாட்டேன். ஏழெட்டு இருந்தன. எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே முகவெட்டு.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஆடுகிற இரண்டு அணியிலிருந்தும் கலந்து பதினொரு பேரை நீங்கள் பொறுக்க வேண்டும். அவர்கள் அங்கே அடிக்கிற ரன்னுக்கும் எடுக்கிற விக்கெட்டுக்கும் உங்களுக்கு இங்கே புள்ளி. நீங்கள் கேப்டன் என்று குறித்தவருக்கு இரண்டு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. நல்ல ஆட்களாகவே அள்ளிவிடலாமே என்றால் முடியாது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு விலை, உங்கள் கையில் மொத்தம் 100. சாயங்காலம் மீன் வாங்கப் போகிற கதைதான். சீலா பெரிசாய் எடுத்துவிட்டால் பிறகு சாளைக்குத்தான் காசு இருக்கும். பும்ராவையும் ரஷீத் கானையும் சேர்த்து வாங்கிவிட்டு, மீதிக் காசுக்கு ஒன்பது சாளையைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. நானும் வந்திருக்கிறேன். நுழைவுக் கட்டணம் அப்போது 49 ரூபாய். ஐம்பது கொடுத்தால் ஒரு ரூபாய் மீதி என்கிற நினைப்பில் மனசு நிம்மதியாகிவிடும். அந்த ஒரு ரூபாயில்தான் சூட்சுமமே இருக்கிறது.

மட்டையாளர்களைப் பொறுக்குவது பெரிய வித்தை இல்லை. அணி போடுகிறவர்கள் எல்லாரும் கோலியைப் போடுவார்கள். அவர் அடித்தால் எல்லாருக்கும் புள்ளி, அடிக்காவிட்டால் எல்லாருக்கும் நாமம். ஊரோடு ஒத்து வாழ்வது. ஜெயிப்பதும் தோற்பதும் பந்து வீசுகிறவனைப் பொறுக்குவதில் இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தேன். ஒரு விக்கெட்டுக்கு 25 புள்ளி. இருபத்தைந்து ரன் ஓடி எடுக்கிறவன் நாக்குத் தள்ளிப்போவான். பந்து வீசுகிறவனுக்கு ஒரே பந்தில், அதுவும் எவனோ எல்லைக்கோட்டில் பிடித்த கேட்சில், அதே 25 வந்துவிடும். அதிலும் கடைசி நாலு ஓவர் வீசுகிறவன்தான் குபேரன். கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறவர்கள் வரிசையாக வந்து அவுட் ஆகிவிட்டுப் போவார்கள். அடி வாங்குவான்; வாங்கட்டுமே. அடிக்குக் கழிக்கிற புள்ளி கொஞ்சம், விக்கெட்டுக்குத் தருகிற புள்ளி அதிகம். நாலு ஓவரில் நாற்பது கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தவனைத் தொலைக்காட்சியில் திட்டுவார்கள். நாங்கள் அவனுக்குப் பொங்கல் வைப்போம்.

இதற்கென்று மண்டியில் கழித்துப்போட்ட ஒரு பழைய பேரேட்டை எடுத்து வந்தேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. ஆடுகளம், இரவுப் பனி, எதிரணியில் எத்தனை இடதுகை ஆட்கள், போன அஞ்சு ஆட்டத்தில் யார் எத்தனையாவது ஓவர் வீசினான் என்று வரிவரியாக எழுதினேன். அதற்கு முன்னால் பனை பற்றித் தெரியுமே தவிர பனி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் தேரிக்காட்டில் மார்கழியில் விழுவதோடு சரி. துபாயிலும் அபுதாபியிலும் இரவு ஒன்பது மணிக்குமேல் பந்து நனைந்து சுழற்பந்தாளர் கையில் சோப்பு மாதிரி வழுக்கும் என்பதை அந்த வருஷம் படித்து, மண்டிக்கு வந்த தூத்துக்குடி வியாபாரி ஒருவரிடம் பாடமும் நடத்தினேன். அவர் கருப்பட்டி ஈரம் கோத்திருக்கிறதைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து, கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னார்.

அந்தப் பேரேட்டில் வருணின் பக்கம் தனிக் கதை. கட்டடக் கலை படித்தவர், இருபது வயசுக்கு மேல் திரும்பவும் பந்தைக் கையில் எடுத்தவர், எந்தப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பிடி கொடுக்காதவர். எங்கள் ஊர்க்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சம்ஹாரத்தன்று சூரன் ஒவ்வொரு தடவையும் வேறு தலையை மாட்டிக்கொண்டு வருவான். யானைத் தலையை அம்மன் கொய்தால் சிங்கத் தலையோடு வருவான். வருணும் அப்படித்தான். கேரம் பந்து என்று நினைத்துக் காலை நீட்டினால் கூக்ளி. 2020 அக்டோபர் 24, டெல்லிக்கு எதிராக அபுதாபியில் மத்தியான ஆட்டம். அணியில் வருணை வைத்திருந்தேன். மூன்று இருபத்தைந்துக்கு எனக்கு ஞானோதயம் வந்தது: வெயில் ஆட்டம், வேகத்துக்குத்தான் லாபம். வருணைத் தூக்கி ஒரு வேகப்பந்தாளரைப் போட்டேன். வருண் 20 ரன்னுக்கு 5 விக்கெட். ஷ்ரேயஸ் ஐயரும் ரிஷப் பந்தும் அதில் அடக்கம்.

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. “பந்து போட்டவன் சாப்பிட்டிருப்பான், அடி வாங்குனவன்கூடச் சாப்பிட்டிருப்பான். உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. பதில் இல்லாததால் கோபம்தான் வந்தது.

என் அக்கா மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். போனில் புலம்பினேன். அவன் சிரித்துவிட்டு, “மாமா, இது அங்கேருந்து வந்த சரக்கு. இங்க பேஸ்பால்ல இதுதான் எங்க எல்லாருக்கும் வேலை. பிட்சரப் பொறுக்குறதுதான் உசுரு” என்றான்.

“பிச்சரா? எந்தத் தியேட்டர்ல?”

பிட்சர் என்றால் பந்தை எறிகிறவராம். 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரர், ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கூட்டாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டே பொழுதுபோக்காக ஆரம்பித்தது இது. ரோட்டிசரி என்று அந்தக் கடை பேரையே ஆட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள். நம்மூரில் நடந்திருந்தால் புரோட்டா ஸ்டால் லீக் என்று பேர் வந்திருக்கும். அப்போதெல்லாம் ஒரு சீசன் முழுக்க ஒரே அணியை வைத்து மாரடிக்க வேண்டும். பிறகுதான் ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் என்று கம்பெனிகள் கிளம்பி, தினம் ஒரு அணி, தினம் ஒரு காசு என்று மாற்றின. சீசனுக்கு ஒருதடவை அழுகிறவனைத் தினம் அழ வைத்த தொழில்நுட்பம்.

எனக்குப் பொறாமை வந்தது அவன் அடுத்துச் சொன்னதில்தான். அங்கே தொடக்கப் பிட்சர் ஒருவர் எறிந்தால் பிறகு நாலு நாள் ஓய்வு. ஒரு அணியில் அப்படி ஐந்து பேர், முறை வைத்து வருவார்கள். நாளைக்கு யார் எறிவார் என்று இன்றைக்கே பட்டியல் வந்துவிடுமாம். ராத்திரி நிம்மதியாகத் தூங்கி, காலையில் காப்பி குடித்துவிட்டு, எதிரணி பலவீனமா, மைதானம் பெரிதா, மழை வருமா என்று சாவகாசமாகப் பார்த்துப் பிட்சரைப் போடலாம்.

இங்கே? ராத்திரி ஏழு மணிக்கு டாஸ். அப்போதுதான் பதினொரு பேர் யாரென்றே தெரியும். ஏழரைக்கு முதல் பந்து. அந்த முப்பது நிமிஷத்தில் கோடிக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் ஒரே கதவில் முட்டுவார்கள். குலசையில் அந்த நேரம் சிக்னல் தேய்ந்துபோகும். நான் ஏழு மணிக்கு மாடி ஏறினால், தெருவில் நாலைந்து மாடிகளில் நாலைந்து பேர் போனை ஆகாசத்துக்கு உயர்த்திக்கொண்டு நிற்பது தெரியும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கூட்டு வழிபாடு போலிருக்கும். 2023இல் இம்பேக்ட் பிளேயர் என்று ஒரு விதி வந்தது. அதன்பிறகு பதினொரு பேர் தெரிந்தும் பிரயோஜனமில்லை. முதலில் மட்டை பிடிக்கிற அணி பந்துவீச்சாளனை வெளியே உட்காரவைத்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு இறக்கும். நான் கேப்டனாகக் குறித்த ஆள் மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் ரொம்ப நன்றாகத்தான் ஓடினார். அதற்குப் புள்ளி கிடையாது.

சரி, இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன்.

அந்தத் தசராவில் கோயிலுக்குத்தான் கூட்டம் வரக் கூடாது. மாலை போட்டவர்கள் அவரவர் ஊரில் வேஷம் கட்டி, காணிக்கை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் காலையில் மண்டிக்கு ஒரு காளி வந்தது. கறுப்புச் சாயம், வெளியே தொங்கும் நாக்கு, முதுகில் வரிசையாகக் கைகள், தலையில் பாரமான கிரீடம். மாதக் கணக்கில் விரதம் இருந்து கட்டுகிற வேஷம் அது. காளி வந்தால் கூலியாட்கள் முதல் முதலாளி வரை எழுந்து நின்று திருநீறு வாங்கிக்கொண்டு குறி கேட்பார்கள். மகளுக்கு வரன், கடனுக்கு வழி என்று ஒவ்வொருத்தராகக் கேட்டு முடித்தபிறகு என் முறை வந்தது. முதலாளி பக்கத்தில் நிற்பதால் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

“தாயே, இன்னைக்கு ராத்திரி ஒரு காரியம் இருக்கு. சுழலை நம்பலாமா, வேகத்தை நம்பலாமா?”

காளி கண்ணை உருட்டியது. சூலாயுதத்தைத் தரையில் ஒரு குத்து குத்தியது. “சுழலில் சிக்காதே!” என்று அடித்தொண்டையில் சொன்னது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு குனிந்து, திருநீறு பூசுகிற சாக்கில் என் காதோரம், லாரி ஓட்டுகிற குரலில், “அண்ணாச்சி, நான் ஷர்துலப் போட்டுருக்கேன். டெத்து ஓவர் போடுவான், பாத்துக்கிடும்” என்றது.

தெய்வ வாக்கும் தொழில்நுட்ப ஆலோசனையும் ஒரே வாயிலிருந்து வந்தன. இரண்டையும் நான் கேட்கவில்லை. என்னிடம் பேரேடு இருந்தது. அந்தத் தொடரில் வருணுக்கு அதுவரை 18 விக்கெட். இரண்டு நாள் முன்னால்தான் ஷார்ஜாவில் டெல்லியை மூச்சுமுட்ட வைத்து இரண்டு விக்கெட் எடுத்திருந்தார். சென்னையின் ஷர்துல் தாக்கூருக்கும் அதே 18 விக்கெட் இருந்ததும் தெரியும். ஆனால் ஷர்துல் அடி வாங்குகிற ஜாதி. அடி வாங்கினாலும் விக்கெட் எடுப்பவனே குபேரன் என்று என் பேரேட்டின் முதல் பக்கத்தில் நானே சிவப்பு மையில் எழுதியிருந்தேனே, அந்தப் பக்கத்தை அன்றைக்குப் புரட்டவில்லை. இன்னொரு தப்பும் செய்தேன். ஷார்ஜாவில் பந்து ஆமை மாதிரி ஊர்ந்து வரும். ஆட்டமோ துபாயில். ஒரு கடை வரவை வேறு கடைப் பேரேட்டில் பதிகிற கணக்குப்பிள்ளைக்கு என்ன ஆகுமோ அது ஆயிற்று.

டாஸ் ஜெயித்த கொல்கத்தா பந்துவீச வந்தது. நல்லது, பனிக்கு முன்னாலேயே வருண் வீசிவிடுவார் என்று துள்ளினேன். சென்னை 192. டூ பிளெஸ்ஸி ஒருவரே 86. சூரன் இந்தப் பக்கம் தலையை மாற்றி மாற்றிக்கொண்டு வந்தான். அந்தப் பக்கம் நின்ற தென்னாப்பிரிக்க அம்மன் எல்லாத் தலையையும் ஏற்கெனவே பார்த்ததுபோல் நின்றார். வருண் நாலு ஓவர், 38 ரன், விக்கெட் இல்லை. களத்தில் நின்றதற்காக 4 புள்ளி. கேப்டன் என்பதால் இரட்டிப்பாக்கி 8. அந்த இரட்டிப்பைச் செயலி ஒரு பொன்னிற வட்டம் போட்டுக் காட்டியது.

இவ்வளவுக்கும் நான் அசரவில்லை. கொல்கத்தாவும் விக்கெட்டே இழக்காமல் 91 வரை போயிற்று. அப்படியே போய் முடிந்தால் ஷர்துலைப் போட்ட காளிக்கும் ஒன்றும் மிஞ்சாது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். சென்னை தோற்க வேண்டும் என்று ஒரு தமிழன் மொட்டை மாடியில் நின்று வேண்டிக்கொண்ட பாவம் அன்றைக்கு நடந்தது. இந்த ஆட்டம் மனுஷனை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். பதினோராவது ஓவர். ஷர்துல். வெங்கடேஷ் ஐயர் அவுட். அதே ஓவரில் நிதிஷ் ராணாவும் அவுட். பிறகு கருப்பட்டி அடுக்கு சரிந்த மாதிரி 125க்கு எட்டு. ஷர்துலுக்கு மொத்தம் மூன்று விக்கெட், அதற்குக் கொடுத்தது 38 ரன். வருண் கொடுத்ததும் அதே 38தான். முத்தாரம்மன் கணக்கில் தப்பு நடக்கவில்லை, விலாசம்தான் மாறிப்போனது.

தெருவில் வெடி போட்டார்கள். சென்னை ஜெயித்ததற்கா, சம்ஹாரத்துக்கா என்று தெரியவில்லை. மனைவி கீழேயிருந்து, “ஜெயிச்சாச்சுல்லா, இறங்கி வாங்க” என்று கூப்பிட்டாள். நான் எந்தப் பக்கம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வென்ற நாட்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கள் பக்கத்துத் தாமிரபரணித் தண்ணீர் மாதிரி. பாபநாசத்தில் புறப்படும்போது பெருக்கம். வழியில் உள்ள குளமெல்லாம் குடித்துவிட்டு, சடையனேரிக் கால்வாயில் கடைமடைக்கு வரும்போது ஈரம் இருக்கும், அவ்வளவுதான். ஜெயித்த தொகையில் 30 சதவீதம் வரிப் பிடித்தம். 2023 அக்டோபரிலிருந்து போட்ட பணத்துக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்ந்தது. மச்சினன் ஒருதடவை மூவாயிரம் ஜெயித்து, அதைக் கொண்டாட நாலாயிரம் செலவு செய்தான். அந்த வரவு செலவை என் பேரேட்டில் ஏற்ற மறுத்துவிட்டேன்.

எங்கள் ஊர் நேர்த்திக்கடனில் ஒரு விதி உண்டு. எவ்வளவு பெரிய பணக்காரனானாலும் வேஷம் கட்டி, வீடுவீடாகக் கையேந்தி, கிடைத்ததை முழுக்கக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் போட வேண்டும். அஞ்சு வருஷம் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வேஷம் கட்டவில்லை, உண்டியல் வேறு.

இது சூதா, திறமையா என்று டீக்கடையில் வாரம் ஒரு விசாரணை நடக்கும். சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. குதிரைப் பந்தயம் திறமை ஆட்டமே என்று 1996இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது சென்னைக் குதிரைகள் சம்பந்தப்பட்ட வழக்கில். இந்தக் கற்பனை கிரிக்கெட்டும் திறமைதான் என்று பஞ்சாப்–ஹரியானா ஹைகோர்ட் 2017இல் சொல்லிவிட்டது. “திறமைதாம்வே, ஆனா ஒமக்கு இல்லாத திறமை” என்று டீக்கடை அண்ணாச்சி ஒரே வரியில் தீர்ப்பை முடித்துவைப்பார். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. டீக்கடன் பாக்கி இருந்தது.

2024 பிப்ரவரி 28இல் குலசைக்கு ராக்கெட் ஏவுதளம் வர அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கும் பேச்சு பந்துவீச்சில்தான் போய் நின்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் நேரே போக முடியாது. இலங்கை குறுக்கே கிடக்கிறது. தலைக்கு மேல் பறக்கக் கூடாதென்று கிழக்கே போய், சுற்றி வளைத்துத் திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கே எரிபொருள் செலவாகிவிடும். சின்ன ராக்கெட்டுக்குத் தாங்காது. குலசையிலிருந்து விட்டால் தெற்கே கடல்தான், வேறொன்றுமில்லை. “அங்க அவுட்ஸ்விங், இங்க யார்க்கர்” என்றான் மச்சினன். விண்வெளித் துறை இதைவிடச் சுருக்கமாக விளக்கியிருக்க முடியாது. “அப்போ குலசையக் கேப்டனாப் போடுங்க அத்தான், நேராப் போறதுதான் விக்கெட் எடுக்கும்” என்றும் சொன்னான். வருணை மனசில் வைத்துக் குத்தினான் என்பது எனக்குத் தெரியும்.

2025 ஆகஸ்ட் 21. பணம் கட்டி ஆடுகிற இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் மசோதா மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மறுநாள் ஜனாதிபதி கையெழுத்து. சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடினால் தடை என்று ஒரே கோடாகப் போட்டுவிட்டார்கள். டீக்கடையின் அஞ்சு வருஷ விசாரணை தீர்ப்புச் சொல்லாமலே தள்ளுபடி. இந்திய அணிச் சட்டையிலிருந்த டிரீம்11 பேரும் போயிற்று. அடுத்த மாதம் ஆசியக் கோப்பைக்கு நம்மவர்கள் விளம்பரமில்லாத வெறும் நீலச் சட்டையோடு இறங்கினார்கள்.

எனக்கு என்னவோ போலிருந்தது. நிம்மதியும் இருந்தது. ஏழு மணியானால் கால் தானாக மாடிப்படியைத் தேடிற்று. ஏறி, துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இப்படிப் பத்து நாள் போனதும், “துணி காயவே இல்ல, அதுக்குள்ள எடுத்தா எப்படி?” என்று மனைவி சத்தம் போட்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. துபாயில் பாகிஸ்தானோடு இறுதி ஆட்டம். குலசையில் கொடியேறி ஆறாம் நாள். ஊர் நிரம்பிவிட்டது. மேளச் சத்தத்தில் தொலைக்காட்சி கேட்காது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் தசரா செட்டுக்காரர்கள் கொடுத்த நன்கொடை நோட்டீஸ். சட்டைப்பையில் மண்டிப் பென்சில். நோட்டீஸின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. வெள்ளைத் தாளைச் சும்மா விட்டுவிடுகிற ஜாதியில்லை கணக்குப்பிள்ளை. பதினொரு பேர் எழுதினேன். நூறுக்குள் என்ற கட்டுப்பாடு யாரும் வைக்காததால் சீலாவாகவே எடுத்தேன். கேப்டன் குல்தீப் யாதவ்.

பாகிஸ்தான் ஒரு விக்கெட்டுக்கு 113. அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அங்கிருந்து 146க்குள் எல்லாரும் காலி. குல்தீப் 30 ரன்னுக்கு 4 விக்கெட், அதில் மூன்று ஒரே ஓவரில். பழைய கணக்கில் விக்கெட்டுக்கு மட்டுமே 100, இரட்டித்தால் 200. என் வாழ்நாளில் நான் பொறுக்கிய அணிகளில் இதற்கு இணையாக இன்னொன்று கிடையாது. ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த மச்சினன் நோட்டீஸை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். முன்பக்கம் இருந்த அம்மன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

“அத்தான், இதக் கொண்டுபோய் யாருட்டக் குடுப்பிய?”

அப்போது கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்தது ஒரு காளி. அதே ஆள், அதே நாக்கு. கிரீடம் மட்டும் புதுசு. எழுந்து நின்றேன். ஐம்பது ரூபாயைத் தட்டில் போட்டேன். காளி திருநீறு பூசிவிட்டு, மச்சினன் கையில் இருந்த நோட்டீஸை எட்டிப் பார்த்தது. பென்சில் எழுத்தைப் படிக்க, கிரீடத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டது.

“குல்தீப்பா? பெரிய ஆளுதான் நீரு. வைஸ் கேப்டன் யாரு அண்ணாச்சி?”

“வருண்.”

“இன்னுமா?”

“ரெண்டு விக்கெட் எடுத்துட்டாம்லா” என்றேன். “நான் கேட்டதும் ரெண்டுதான்.”